ரோபோவுக்கா காசு, கைக்கா காசு?

வியாபாரிகளாகிய நமக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடைக்கு ஒரு தராசு வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவோம். யார் செய்தது, எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் யார் பார்ப்பது, உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்டுத் துளைத்து விடுவோம். ஆனால் நமது உடம்புக்கு ஒன்று என்று வந்துவிட்டால் அந்தப் பழக்கம் எங்கேயோ போய்விடுகிறது. நீட்டிய தாளில் கையொப்பம் வைத்துவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறோம். விலை கூடியது என்றால் அதுதான் நல்லது என்று மனதைத் தேற்றிக் கொள்கிறோம்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், நானே செய்த ஒரு பிழை.

இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு கடையைப் பூட்டிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். வயது 63. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்றே அழைப்பேன். வந்தவர் தேநீரையும் தொடாமல் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். அவருக்குப் புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியாகி இருந்தது. வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றிலிருந்து ஏஜன்ட் ஒருவர் எடுத்துக் கொடுத்த இரண்டு செலவு மதிப்பீடுகள் அவை. ஒன்று வழமையான திறந்த சத்திரசிகிச்சைக்கு. மற்றது ரோபோ மூலம் செய்வதற்கு. இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில் ஒரு சிறிய கடையே போட்டுவிடலாம்.

"தம்பி, மெஷின்ல செஞ்சா பிழைக்காதாம். கைநடுக்கம் இல்லையாம், வெட்டின தடமே தெரியாதாம். மாளிகாவத்தை கடையறைய வித்தா கணக்குச் சரி வரும். சின்ன மகளுக்கு எண்டு வெச்சது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வித்துடுங்க நானா. உயிரை விடக் கடையறை பெரிசா?" என்று சொல்லிவிட்டேன்.

அவர் போன பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த மெஷின் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாது. தெரியாத சரக்குக்கு ஒரு மனிதனின் சொத்தை விற்கச் சொல்லியிருக்கிறேன். மறுநாளிலிருந்து தேடிப் படித்தேன். தெரிந்த இரண்டு வைத்தியர்களிடம் கேட்டேன். அறிந்து கொண்டதைக் கீழே தருகிறேன். நான் வைத்தியன் அல்லன், வியாபாரி. ஆகவே இதை வைத்திய ஆலோசனையாக எடுக்காமல், உங்கள் வைத்தியரிடம் போகும்போது சரியான கேள்விகளோடு போவதற்கான ஒரு குறிப்பாக எடுத்துக் கொள்ளுங்கள்.

சிறிய சுரப்பி, நெருக்கமான அயல்

புரஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. பெரிய பாக்கு அளவு இருக்கும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. அதற்குக் கீழே சிறுநீரைக் கட்டுப்படுத்தும் தசை, பின்னால் மலக்குடல், இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஆண்மைக்குரிய மெல்லிய நரம்புகள். நெருக்கமான கடைத்தெருவில் நடுக்கடையை மட்டும் இடிப்பது போன்ற வேலை இது. இடிப்பது கஷ்டமில்லை. பக்கத்துச் சுவர்கள் அசையாமல் இடிப்பதுதான் கஷ்டம்.

வயது போகப் போகப் பெரும்பாலான ஆண்களுக்கு இச்சுரப்பி வீங்கும். இரவில் பல தடவை எழும்புவது, சிறுநீர் தடைப்படுவது போன்ற தொல்லைகள் அனேகமாக இந்தச் சாதாரண வீக்கத்தாலேயே வருகின்றன. புற்றுநோயோ ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை கூடுதலாகக் காட்டினாலும் அது புற்றுநோய்தான் என்று முடிவு கட்ட முடியாது. வீக்கத்தாலும் கிருமித் தொற்றாலும் அது கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஊசி மூலம் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயொப்ஸியுமே விடயத்தை உறுதிப்படுத்தும்.

இச்சுரப்பியைப் புற்றுநோய்க்காக முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சைக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ ஹம்டன் யங் என்பவர் 1904இல் இதைச் செய்தார். ஆனால் நீண்ட காலமாக இது வைத்தியர்களே பயந்த ஒரு வேலையாக இருந்தது. இரத்தம் பெருமளவில் போகும். ஆண்மை போய்விடும். பலருக்குச் சிறுநீர் கசிந்து கொண்டே இருக்கும். அதே வைத்தியசாலையைச் சேர்ந்த பட்ரிக் வோல்ஷ் அந்த நரம்புகள் எந்த வழியால் போகின்றன என்பதைக் கண்டறிந்து, 1982இல் அவற்றைக் காப்பாற்றியபடியே சுரப்பியை அகற்றிக் காட்டினார். இந்தச் சத்திரசிகிச்சையின் பெரிய முன்னேற்றம் அதுதான். அதைச் செய்தது எந்த இயந்திரமும் அல்ல. உடற்கூறு தெரிந்த ஒரு கை.

ரோபோ தானாக வெட்டுவதில்லை

நமது நண்பர் மட்டுமல்ல, நானும் நினைத்தது என்னவென்றால், பட்டனை அழுத்தினால் இயந்திரம் தானே வெட்டித் தைத்துவிடும் என்பதே. அது முழுப் பிழை.

வயிற்றில் ஐந்தாறு சிறிய துளைகள் இடுவார்கள். காற்று செலுத்தி வயிற்றை விரிப்பார்கள். துளைகளினூடாக ஒரு கெமராவும் மெல்லிய கருவிகளும் உள்ளே போகும். அவற்றை இயந்திரத்தின் கரங்கள் பிடித்திருக்கும். சத்திரசிகிச்சை நிபுணர் அதே தியேட்டரில் சற்றுத் தள்ளி, ஒரு மேசையில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளாலும் கால்களாலும் இயக்குவார். அவர் விரலை அசைத்தால் உள்ளே கருவி அசையும். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். இயந்திரம் தானாக ஒரு நூலும் கட்டாது.

அப்படியானால் அதன் பயன் என்ன? மூன்று. ஒன்று, படம் சுமார் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். இரண்டு, கருவியின் நுனி மனித மணிக்கட்டுப் போல எல்லாப் பக்கமும் திரும்பும். மூன்று, கையின் சிறு நடுக்கம் வடிகட்டப்படும். கையைப் பெரிதாக அசைத்தால் உள்ளே அது சிறிதாக அசையும்படி வைக்கலாம். சிறு துளை மூலம் செய்யும் சாதாரண லெப்ரஸ்கொபி முறையில் நீண்ட குச்சிகளை வைத்துக்கொண்டு இடுப்பெலும்பின் ஆழத்தில் தையல் போடுவது மிகக் கடினம். பாரிஸ் நகர வைத்தியர்கள் 1990களின் பிற்பகுதியில் அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் எல்லோராலும் பழக முடியவில்லை. அந்தக் கஷ்டத்தை இலகுவாக்கியதே ரோபோவின் வெற்றி.

குறையும் உண்டு. தொட்டு உணரும் உணர்வு நிபுணருக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. கண்ணால் பார்த்தே இழுவையை ஊகிக்க வேண்டும். 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற புதிய மாதிரியில்தான் இழுவிசையை உணர்த்தும் கருவிகள் வந்தன.

இயந்திரத்தின் பின்னால் உள்ள வியாபாரம்

இது வியாபாரப் பக்கம் என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்த யோசனை பிறந்தது புற்றுநோய்க்காக அல்ல. 1980களின் இறுதியில் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், போர்க்களத்தில் காயப்பட்டவருக்குத் தொலைவில் இருந்தே சத்திரசிகிச்சை செய்ய முடியுமா என்ற ஆராய்ச்சியாக, அமெரிக்க இராணுவத்தின் ஆர்வத்தோடு அது வளர்ந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி 1995இல் கலிபோர்னியாவில் ஆரம்பிக்கப்பட்டதே இன்டூயிடிவ் சேர்ஜிகல் கம்பனி. தனது இயந்திரத்துக்கு லியனாடோ டாவின்சியின் பெயரை வைத்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு பங்குச் சந்தைக்கும் வந்தது. புரஸ்டேட் அகற்றலுக்கான அனுமதி 2001இல் வந்தது. எதிர்த்து நின்ற கம்பியூட்டர் மோஷன் என்ற கம்பனியை 2003இல் தன்னோடு இணைத்துக் கொண்டது. அதன்பின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் சந்தையில் சொல்லக்கூடிய போட்டியே இல்லை.

கம்பனி முதலில் குறிவைத்தது இருதய சத்திரசிகிச்சையை. கைகொடுத்ததோ புரஸ்டேட். டெட்ரோயிட் நகரின் ஹென்ரி ஃபோர்ட் வைத்தியசாலையில் இந்தியாவில் பிறந்த வைத்தியர் மணி மேனன் இந்த முறையை ஒழுங்குபடுத்தி, பெருந்தொகையான நோயாளிகளுக்குச் செய்து காட்டியதும், மற்ற வைத்தியசாலைகளும் பின்தொடர்ந்தன. இன்று அமெரிக்காவில் புரஸ்டேட் அகற்றலில் மிகப் பெரும்பாலானவை ரோபோ வழியே நடக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2023இல் இந்தக் கம்பனியின் மொத்த வருமானம் சுமார் 712 கோடி டொலர். அதில் இயந்திரங்களால் வந்தது சுமார் 168 கோடி மட்டுமே. பராமரிப்புச் சேவையால் சுமார் 117 கோடி. மீதி 428 கோடி, அதாவது நூற்றுக்கு அறுபது, எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு சத்திரசிகிச்சையிலும் செலவாகும் கருவிகளாலும் துணைப்பொருட்களாலும். அவற்றில் பல கருவிகளுக்கு உள்ளேயே ஒரு கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நீண்ட காலம் அது பெரும்பாலும் பத்துத் தடவை. 2020இன் பிற்பகுதியிலிருந்து சில கருவிகளுக்கு 12 முதல் 18 தடவைகள் என்று கூட்டினார்கள். கணக்கு முடிந்தால், கருவி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் இயந்திரம் அதை ஏற்காது. புதியது வாங்க வேண்டும். அந்தக் கணக்கை மீள ஆரம்பித்துக் குறைந்த விலைக்குக் கொடுக்க முயன்ற வேறு கம்பனிகளோடு அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகளும் நடந்தன.

பிரின்டரை விற்றுவிட்டு மையில் சம்பாதிக்கும் வியாபாரம் நமக்குத் தெரிந்ததுதானே? அதே முறை. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பிரின்டரும் மலிவில்லை. மாதிரியைப் பொறுத்து ஓர் இயந்திரம் ஐந்து இலட்சத்திலிருந்து இருபத்தைந்து இலட்சம் டொலர் வரை போயிருக்கிறது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 80,000 முதல் 190,000 டொலர் வரை என்று 2010களின் பிற்பகுதியில் கம்பனியே தன் ஆண்டறிக்கையில் சொன்னது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இருபது இலட்சம் டொலர் இயந்திரம். பத்து வருடம் ஓடும் என்று வைத்தால் ஆண்டுக்கு இரண்டு இலட்சம். பராமரிப்பு ஒன்றரை இலட்சம். மொத்தம் மூன்றரை இலட்சம். ஆண்டுக்கு நூறு பேருக்குச் செய்யும் வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் தலையில் 3,500 டொலர். முந்நூற்றைம்பது பேருக்குச் செய்யுமிடத்தில் 1,000 டொலர். கருவிச் செலவு இதற்கு மேல். லீசிங்கில் லொறி எடுத்தவருக்கு இது சொல்லாமலே விளங்கும். லொறி நின்றாலும் தவணை நிற்காது. ஆகவே இயந்திரம் வாங்கிய வைத்தியசாலை அதை ஓட்டியே ஆக வேண்டும். விளம்பரம் ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு செய்தியும் வியாபாரிகளுக்கு உரியது. பழைய காப்புரிமைகள் பல காலாவதியாகத் தொடங்கியதும் போட்டி வந்தது. பிரித்தானியாவிலிருந்து வேர்சியஸ், மெட்ரோனிக் கம்பனியின் ஹியூகோ, இந்தியாவிலேயே உருவான எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்று புதிய இயந்திரங்கள் சந்தைக்கு வந்துள்ளன. ஹியூகோவின் ஆசிய பசிபிக் பிராந்திய முதல் சத்திரசிகிச்சை 2021 செப்டெம்பரில் சென்னை அப்போலோவில் நடந்தது. அதுவும் புரஸ்டேட் அகற்றலே. ஆகவே ரோபோ என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திருப்தியடையாமல், எந்த ரோபோ, அதில் அந்த வைத்தியருக்கு எத்தனை நாள் பழக்கம் என்றும் கேட்க வேண்டிய காலம் இது.

கூடக் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

இதற்கு நேரடியான விடை தந்த ஓர் ஆய்வு அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் நடந்தது. 326 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் திறந்த முறை, மறு பிரிவுக்கு ரோபோ முறை என்று ஒதுக்கினார்கள். முதல் முடிவுகள் 2016இலும், இரண்டு வருட முடிவுகள் 2018இலும் வெளிவந்தன.

ரோபோவுக்கு இலாபம் இருந்தது. இரத்த இழப்பு திறந்த முறையில் சராசரி 1,300 மில்லிலீற்றருக்கு மேல். ரோபோவில் 450க்கும் குறைவு. வைத்தியசாலையில் தங்கியது திறந்த முறையில் மூன்று நாட்களுக்கு மேல். ரோபோவில் ஒன்றரை நாள் அளவு. ஆரம்ப நாட்களின் வலியும் குறைவு.

ஆனால் மனிதனுக்குப் பிறகு எஞ்சும் இரண்டு பெரிய கவலைகள், சிறுநீர்க் கட்டுப்பாடும் இல்லற வாழ்வும், இரண்டு முறையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. மூன்று மாதத்திலும் அப்படி, இரண்டு வருடத்திலும் அப்படி. நோய் திரும்பியதைக் காட்டும் பி.எஸ்.ஏ. உயர்வு ரோபோப் பிரிவில் குறைவாக இருந்தாலும், பின்சிகிச்சை இரு பிரிவிலும் ஒரே ஒழுங்கில் இல்லாததால் அதை நிதானமாகவே எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். முறையைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், அனுபவமும் நம்பிக்கையும் உள்ள நிபுணரைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்பதே 2016இல் அவர்கள் நோயாளிகளுக்குச் சொன்ன புத்திமதி.

அந்த அனுபவத்தின் பெறுமதி என்ன? 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு அதை எண்ணிக்கையிலேயே காட்டியது. 72 நிபுணர்கள் திறந்த முறையில் செய்த 7,765 பேரின் விபரங்களைப் பார்த்தார்கள். அதற்கு முன் பத்துச் சத்திரசிகிச்சை மட்டும் செய்த நிபுணரிடம் போனவர்களில் ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பிய அடையாளம் நூற்றுக்கு 17.9 பேருக்கு. 250 செய்த நிபுணரிடம் போனவர்களில் நூற்றுக்கு 10.7 பேருக்கு. ஒரே சத்திரசிகிச்சை. மாறியது கை மட்டுமே. ரோபோவும் பழகிக் கைவர வேண்டிய ஒரு கருவிதான்.

இங்கே முன்னைய கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அதிகம் பேருக்குச் செய்யும் இடத்தில் கையும் பழகியிருக்கும், தலைக்கு விழும் இயந்திரச் செலவும் குறையும். ஆகவே "எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வி தரத்தையும் விலையையும் சேர்த்தே கேட்கிறது.

இப்போதே வெட்டத்தான் வேண்டுமா?

புற்றுநோய் என்றதும் நாளைக்கே வெட்டி எறிய வேண்டும் என்ற பதற்றம் இயல்பானது. எல்லாப் புரஸ்டேட் புற்றுநோயும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பிரித்தானியாவில் 50 முதல் 69 வயது வரையான, நோய் சுரப்பிக்குள்ளேயே நின்ற 1,643 பேரைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை என்று மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். பதினைந்து வருட முடிவு 2023இல் வெளிவந்தது. புரஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் நூற்றுக்கு மூன்று பேர் அளவிலேயே இருந்தனர். கண்காணிப்பில் 3.1, சத்திரசிகிச்சையில் 2.2, கதிர்ச் சிகிச்சையில் 2.9.

இதை வைத்துச் சும்மா இருந்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கண்காணிப்புப் பிரிவில் நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவியது மற்றவற்றை விட ஏறக்குறைய இரு மடங்கு. அப்பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சை பெற்றே இருந்தனர். மறுபுறம் சத்திரசிகிச்சைப் பிரிவில், கசிவுக்காகப் பஞ்சுத் துண்டு வைத்துக் கொண்டவர்கள் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 46 பேர். ஆறு வருடத்திலும் 17 பேர். மூன்றுக்கும் ஒரு விலை உண்டு. வேகம் குறைந்த நோயென்றால் ஒழுங்கான கண்காணிப்பு நேர்மையான ஒரு வழி. வேகம் கூடியதென்றால் தாமதம் ஆபத்து. எது என்று பயொப்ஸி அறிக்கையை வைத்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை என்று அவர் சொன்னால், கதிர்ச் சிகிச்சை நிபுணர் ஒருவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சில வாரங்கள் உங்களுக்கு இருக்கின்றன. சொத்தை அரைவிலைக்கு விற்கத் தேவையில்லை.

கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நான் நண்பருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை.

1. எனது நோய் எந்தத் தரம்? கண்காணிப்பு, கதிர்ச் சிகிச்சை இரண்டும் எனக்குப் பொருந்துமா? இல்லையென்றால் ஏன்?

2. எனக்குச் செய்யப் போவது யார்? பெயர் பெற்றவரைக் காட்டிவிட்டு வேறொருவர் மேசையில் அமர்வாரா?

3. அவர் இதுவரை எத்தனை புரஸ்டேட் அகற்றல் செய்துள்ளார்? அதில் இந்த இயந்திரத்தில் எத்தனை? சென்ற வருடம் எத்தனை?

4. அவரது நோயாளிகளில் ஒரு வருடத்தின் பின் பஞ்சுத் துண்டு தேவைப்படாதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

5. சொன்ன தொகையில் கருவிச் செலவு, மயக்க மருந்து, இரத்தம், அகற்றிய சுரப்பியின் பரிசோதனை எல்லாம் அடங்குமா? இயந்திரம் இடையில் நின்று திறந்த முறைக்கு மாறினால் தொகை என்னாகும்?

6. சிறுநீர்க் குழாய் ஒரு வாரம் அளவில் உள்ளே இருக்கும். அதை எடுக்கும் வரை தங்குமிடச் செலவு எவ்வளவு? ஊர் திரும்பிய பின் ஒரு பிரச்சினை என்றால் யார் பார்ப்பது?

7. சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்குக் கையில் காசு மிஞ்சுமா?

ஏழாவது கேள்வியை வைத்தியரிடம் அல்ல, உங்களிடமே கேளுங்கள். முதல் முழுவதையும் ஒரே கொள்முதலில் கொட்டிவிட்டு அடுத்த பருவத்துக்குக் கையேந்தி நிற்கும் வியாபாரியைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதே கதைதான். சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. பல வருடங்களுக்குப் பி.எஸ்.ஏ. பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

நண்பர் எடுத்த முடிவு

மூன்றாம் நாள் நான் நண்பரின் கடைக்கே போனேன். "நானா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. தெரியாம சொல்லிட்டன். விக்கிறதுக்கு முந்தி இதக் கேட்டுப் பாருங்க" என்று அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, நான் எழுதாத ஒரு கேள்வியை மெதுவாகக் கேட்டார். "வுழூ நிற்குமா தம்பி?" அவருடைய பயம் முழுவதும் அதற்குள்தான் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்க்க விடயத்தை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளலாம், கசிவைப் பற்றி வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள் என்றேன். நான்காவது கேள்வி அதுதான்.

அவர் கேட்டார். ஏஜன்டிடம் அல்ல, நேரே நிபுணரிடம். அந்த நிபுணர் நல்ல மனிதர். மறைக்கவில்லை. ரோபோவில் தான் நாற்பது அளவில்தான் செய்திருப்பதாகவும், திறந்த முறையில் அறுநூறுக்கு மேல் செய்திருப்பதாகவும் சொன்னார். "எனது சொந்தச் சகோதரன் என்றால் நான் திறந்தே செய்வேன்" என்றும் சொன்னார். நண்பரின் நோய் நடுத்தரம். கண்காணிப்பில் விட அவருக்கு மனமில்லை, வைத்தியர்களும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆகவே திறந்த முறையிலேயே செய்து கொண்டார்.

இலகுவாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. நான்கு மாதம் பஞ்சுத் துண்டு வைத்துக் கொண்டு கடையில் இருந்தார். இப்போது அது தேவையில்லை. பி.எஸ்.ஏ. அளக்க முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மாளிகாவத்தைக் கடையறை இன்னும் சின்ன மகளின் பெயரிலேயே இருக்கிறது.

இதை வைத்து ரோபோ வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துவிடாதீர்கள். ரோபோவில் நூற்றுக்கணக்கில் செய்து கைவந்த நிபுணர் உங்களுக்குக் கிடைத்து, செலவும் உங்கள் சக்திக்குள் இருந்தால், குறைந்த இரத்த இழப்போடு விரைவில் வீடு திரும்பலாம். அது நல்ல கொள்முதல். பழகாத கையில் உள்ள விலையுயர்ந்த இயந்திரத்துக்காகச் சொத்தை விற்பது நல்ல கொள்முதல் அல்ல. நல்ல தையற்காரனிடம் துணியைக் கொடுக்கும்போது அவன் எந்தக் கம்பனி மெஷினில் தைக்கிறான் என்று நாம் கேட்பதில்லை. அவன் முன்பு தைத்ததைத்தான் பார்க்கிறோம்.

ஐம்பது தாண்டிய சகோதரர்கள், குறிப்பாக வாப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தவர்கள், பி.எஸ்.ஏ. பரிசோதனை தமக்குத் தேவையா என்று ஒரு தடவை வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். கடையின் கணக்கை வருடத்துக்கு ஒரு தடவை முடித்துப் பார்க்கிறோம். உடம்பின் கணக்கையும் இடைக்கிடை பார்த்துக் கொள்வது நல்லது.